நீ நிரப்பிய நான்கு பெட்டிகள்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், தொலைபேசியில் பெற்ற தாயைப் பார்த்துக் கத்துகிற அளவுக்கு நலமாக இருக்கிறாய். எனக்கும் கோபத்தைத் தவிர வேறு குறை இல்லை. ரானுயியில் உன் சின்னம்மா வீட்டில், அவளின் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள். வெளியே மழை. நேற்று நான் இரண்டு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இருந்து வாசி. வதனி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வாசிக்கலாம் என்று நினைக்காதே. எங்கே இருந்து வாசித்தாலும் கடைசியில் அவளிடம்தான் நீ போக வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை காலை நான் ஏன் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ரயில் மாறி இங்கே வந்தேன் என்று உனக்குத் தெரியும். வதனிக்குத் தெரியாது. வயிறு வெட்டிப் பிள்ளை எடுத்து ஒன்பது நாள்கூட ஆகாத மருமகளை விட்டுவிட்டு எந்த மாமியாராவது போவாளா? நான் போனேன். ஞாயிறு பின்னேரம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "மாமி, நான் அந்தக் கார்டில நாலு எண்டும் மூண்டு எண்டும் எழுதினனான். அவ வடிவாப் பாத்தவதானே. பாத்துப்போட்டும் ஏன் ஒண்டும் சொல்லாமப் போனவ?" அவள் கேட்டது பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைஃப் கேத்தியைப் பற்றி. எனக்குப் பதில் தெரியும். "தெரியாது பிள்ளை" என்று சொன்னேன். அந்தப் பொய்யைச் சொன்ன வாயோடு அவளுக்கு இன்னொரு நாள் சோறு போட என்னால் முடியவில்லை.

அந்தக் கார்டு என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ மறந்ததுபோல நடிப்பதால் முதலில் இருந்து சொல்கிறேன்.

ஏழாம் மாதம் தொடங்கியபோது கேத்தி வீட்டுக்கு வந்து அந்த மஞ்சள் கார்டைக் கொடுத்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை பெட்டிகள். காலை ஒன்பது மணியில் இருந்து பிள்ளை வயிற்றுக்குள் அசைந்து துடிப்பதை எண்ண வேண்டும், பத்தாவது துடிப்பு எத்தனை மணிக்கு வந்ததோ அந்த நேரத்துப் பெட்டியைக் கறுப்பாக்க வேண்டும். இரவு ஒன்பது மணி வரைக்கும் பத்து வராவிட்டால், வந்த தொகையைக் கீழே எழுதிவிட்டு உடனே தன்னைக் கூப்பிட வேண்டும், எந்த நேரம் என்று யோசிக்க வேண்டாம் என்று சொன்னாள். அவள் வதனியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நீ நடுவில் இருந்து தமிழில் மாற்றிச் சொன்னாய். எல்லாவற்றையும் சொன்னாய், ஒன்றைத் தவிர. எந்த நேரம் என்றாலும் கூப்பிடலாம் என்பதை நீ சொல்லவில்லை. "ஏதும் எண்டால் என்னட்டச் சொல்லும், நான் கதைக்கிறன்" என்று சொன்னாய். அது எனக்கு அன்றைக்கு நல்ல புருஷனின் பேச்சாகப் பட்டது. என் மகன் எவ்வளவு பொறுப்பு என்று பூரித்துப் போனேன். விசர், பைத்தியம்.

வதனி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அந்தக் கார்டோடு எப்படிப் பாடுபட்டாள் என்று உனக்குத் தெரியாது. நீ ஆறே முக்கால் ரயிலுக்குப் போய் இருட்டுகிற நேரத்தில் வருகிறவன். அவளுக்கு அது முதல் பிள்ளை. வாயு அசைகிறதா பிள்ளை அசைகிறதா என்றுகூட முதலில் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கழுவிய கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே நிற்பாள். "மாமி, இது ஒண்டா ரெண்டா?" என்று கேட்பாள். ஒரு நீட்டு அசைவை ஒன்று என்று எண்ணுவதா இரண்டு என்று எண்ணுவதா என்று அவளுக்குக் கவலை. ஒரு நாள் பதினொரு மணிக்கே பத்து வந்துவிட்டது என்று சிரித்தாள். அடுத்த நாள் மூன்று மணியாகியும் ஆறுதான் என்று அழுதாள். வரவேற்பறைக் கம்பளத்தில் இடப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு வயிற்றோடு கதைப்பாள், "ஏனம்மா கோவமோ, ஒருக்கா உதையுங்கோவன்" என்று. அந்தப் பயத்தைப் பார்த்து நீ என்ன சொன்னாய்? "நீர் வேலைவெட்டி இல்லாம இருக்கிறீர், அதுதான் உதையே நினைச்சுக்கொண்டு இருக்கிறீர்." அதைச் சொல்லும்போது நீ பேப்பரில் இருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

நான் மட்டும் திறமோ? நான் செய்ததையும் கேள். எண்ணினால் கண்ணூறு, நாவூறு படும் என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன். "பிள்ளை, வயித்தில இருக்கிறதை எண்ணக் கூடாது, எழுதி வைக்கக் கூடாது, அதுவும் வருகிற போகிற சனம் பாக்கிறமாதிரிக் குளிர்ப்பெட்டியில ஒட்டி வைக்கவே கூடாது." பாவம், அவள் இரண்டு பக்கத்துக்கும் நல்லபிள்ளையாக இருக்கப் பார்த்தாள். கேத்தி சொன்னதையும் தட்ட முடியாது, மாமி சொன்னதையும் தட்ட முடியாது. அதனால் கடைசிக் கிழமையில் வெள்ளியும் செவ்வாயும் எண்ணாமல் விட்டாள். கார்டில் அந்த நாட்கள் வெறுமையாக இருந்தன. அந்த வெறுமைக்குக் காரணம் நான். இதை நேற்று மத்தியானமே தொலைபேசியில் வதனியிடம் சொல்லிவிட்டேன்.  "நீங்கள் நல்லதுக்குத்தானே மாமி சொன்னீங்கள்" என்றாள். அவள் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அன்று முழுவதும் நாலே நாலு துடிப்பு. எட்டாம் மாதத்தில் பிள்ளைக்கு இடம் போதாது, அதனால் துடிப்புக் குறையும் என்று நான் பெரிய மருத்துவிச்சிபோலச் சொன்னேன். எட்டாம் மாதமென்றாலும் ஒன்பதாம் மாதமென்றாலும் துடிப்புக் குறையக் கூடாது, அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் சனம் பிந்தி வருகிறது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் பிறகு சொன்னார், பிள்ளை பார்க்க வந்திருந்த சின்னம்மா எனக்கு மாற்றிச் சொன்னாள். வதனி என் பேச்சை நம்பவில்லை. நீ வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே உன்னிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கு நாலுதான். அவவுக்கு ஒருக்கா போன் பண்ணுங்கோ."

"நாளைக்குப் பாப்பம்."

"பத்து வராட்டிச் சொல்லச் சொன்னவவெல்லே?"

"வெள்ளிக்கிழமை அவ வாறாதானே. அதுக்கிடையில ஏன் ஆரையும் கரைச்சல்படுத்துவான்?"

கரைச்சல். இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடமாக யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் இருப்பதையே நாங்கள் ஒரு தவமாகச் செய்துகொண்டு இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று மிளகாய் இடிக்கவில்லை. வாடகை வீட்டில் மழைத்தண்ணீர் ஒழுகியபோது வீட்டுக்காரனுக்குச் சொல்லாமல் வாளி வைத்தோம். யாரோ பெற்ற பெண்ணின் வயிற்றுக்குள் ஒரு பிள்ளை மெல்ல மெல்ல அசைவை நிறுத்துகிறது, அப்போதும் நீ யாருக்கும் கரைச்சல் கொடுக்கக் கூடாதாம். கேத்திக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தக் கரைச்சலுக்காகத்தான் மகனே.

வதனி புதன் இரவு கார்டின் அடியில் பென்சிலால் 4 என்று எழுதினாள். வியாழன் 3 என்று எழுதினாள். எழுதிவிட்டு, முதுகு உளைகிறது என்று போய்ப் படுத்துவிட்டாள். நீ வந்து குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்து கார்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். கந்தோர் வேலையில் மற்றவர்களின் காப்புறுதிப் பாரங்களை, படிவங்களைச் சரிபார்ப்பாயே, அதே முகத்தோடு பார்த்தாய். பெட்டிகள் வெறுமையாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லை. அந்த நாலையும் மூன்றையும் ரப்பரால் அழித்தாய். பென்சிலைச் சீவினாய். முந்தின வெள்ளி, செவ்வாய், புதன், வியாழன், நாலு நாளுக்கும் நாலு பெட்டிகள். ஒன்றைப் பதினொரு மணியில், ஒன்றைப் பன்னிரண்டரையில், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராதபடி முன்னப்பின்னப் பார்த்து நிரப்பினாய். கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டுக்கூடப் போகவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ன செய்யிறாய்?" என்று கேட்டேன். "அரைகுறையாக் கிடந்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? நாளைக்கு அவ பாக்கவேணும்" என்று சொன்னாய். "அதுவும் சரிதான், வடிவாச் செய்" என்று சொல்லிவிட்டுப் புட்டு அவிக்கப் போனேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கேத்தி வந்தாள். நீ அரைநாள் லீவு போட்டு நின்றாய். அவள் வதனியிடம்தான் கேட்டாள், வயிற்றைக் காட்டி, கையை அசைத்து, எனக்கே விளங்குகிறமாதிரி. வதனி உன்னைப் பார்த்து, "ரெண்டு நாளாக் குறைவெண்டு சொல்லுங்கோ" என்றாள். நீ அவளுக்கு "ஓம் ஓம், பிறகு கதைப்பம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, கேத்தியைப் பார்த்துச் சிரித்து, "குட், வெரி குட்" என்று சொல்லிக் கார்டை நீட்டினாய். கேத்தி கார்டைப் பார்த்தாள். கருவியை வைத்து இதயம் அடிக்கும் சத்தத்தைக் கேட்கச் செய்தாள். அது அடித்தது. வதனியின் தோளில் தட்டிவிட்டுப் போனாள். கார்டை நீ வதனியின் கையில் கொடுக்காமல் குளிர்ப்பெட்டிக்கு மேலே போட்டாய். உன் சிரிப்பை நம்பினாள், உன் கறுப்புப் பெட்டிகளை நம்பினாள். அதைத் தவிர அவள் செய்த பிழை என்ன?

சனிக்கிழமை நீ கோயில் கூட்டத்துக்குப் போனாய். அன்று ஒரு துடிப்பும் இல்லை. வதனி குளிர்ந்த தண்ணீர் குடித்தாள், சீனி தின்றாள், இடம் வலம் புரண்டு படுத்தாள். பதினொரு மணிக்கு என் முன்னால் வந்து நின்று, "மாமி, உள்ளுக்க கல்லு மாதிரிக் கிடக்கு" என்றாள். அந்தக் குரல் என் காதைவிட்டு இன்னும் போகவில்லை. எனக்கு இங்கிலீஷ் வராது, கார் ஓட வராது, கோயில் நம்பர் தெரியாது. கார்டை இழுத்தெடுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் சரோஜா அக்காவிடம் ஓடினேன். அவ பிஜியில் பிறந்தவ, எங்கள் தமிழில் அவவுக்குத் தெரிந்தது பத்துச் சொல்தான். "பேபி, பேபி, அசையேல்லை" என்று கத்தினேன். அவ கையில் மாவோடு வந்தா. கார்டில் இருந்த நம்பருக்கு அடித்துக் கேத்தியிடம் கதைத்தா. மாக்கையோடு கார் ஓடினா. நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்னமே கேத்தி ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள், சக்கரநாற்காலியோடு. எந்த நேரம் என்றாலும் கூப்பிடு என்று சொன்னவள் சொன்னபடி நின்றாள். ஒரு மணித்தியாலத்துக்குள் வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். நீலமாக இருந்தாள். அழவில்லை. என் பேத்தி அழுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது, கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு அது ஒரு பகல்போல இருந்தது.

பிறகு நீ வந்தாய். டொக்டர் ஏதோ கேட்டார். நீ வதனியின் பக்கம் கையைக் காட்டி, "ஷீ டிடின்ட் டெல் அஸ்" என்றாய். எனக்கு இங்கிலீஷ் விளங்காது என்று நினைத்திருப்பாய். அந்த நாலு சொல் விளங்கியது. அவள் எங்களுக்குச் சொல்லவில்லை. மயக்கத்தில் கிடந்த பெண்ணின் தலையில் எவ்வளவு சுகமாகத் தூக்கி வைத்தாய்! கேத்தி ஆஸ்பத்திரி நடையில் குந்தி இருந்து அழுதாள். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் கையைப் பிடித்து "சாரி, சாரி" என்றாள். நீ அங்கேயே நின்றாய். ஒரு சொல் சொன்னாயா?

அதையும் நான் பொறுத்திருப்பேன். பயத்தில் வாய் தவறிவிட்டது, பிள்ளை தேறட்டும், பிறகு சொல்லுவான் என்று ஒரு கிழமை காத்திருந்தேன். ஞாயிறு பின்னேரம் நீ அடுப்படிக்கு ஒரு பாரத்தோடு வந்தாய். கேத்தி மீது முறைப்பாடு. மனைவி சொல்லியும் கேட்கவில்லை, கவனமில்லாமல் போனாள் என்று எழுதப் போகிறாயாம். "அந்தக் கார்டைக் கிழிச்சு எறியுங்கோ அம்மா, அது இருந்தால் எங்களுக்குத்தான் பிரச்சினை." இதைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சமும் மாறவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. நீ பிழை செய்தவன் என்று மட்டும் அதுவரை நினைத்திருந்தேன். நேற்று மறுபடி எடுத்து "கிழிச்சிட்டீங்களோ?" என்று கேட்டாய். இல்லை என்றதும், "உங்களுக்கு ஒண்டும் விளங்காது, இந்த நாட்டில எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு" என்று கத்திவிட்டு வைத்தாய்.

எனக்கு விளங்கும். இதை நீ எங்கே படித்தாய் என்றும் விளங்கும். அப்போது உனக்குப் பதினேழு வயது. கொழும்பில் அந்த அறையில் கட்டிலின்மேல் விசா பாரத்தை வைத்து நிரப்பினோம். உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒன்றரை வருடம். வரவில்லை. பிணமும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. கணவர் இறந்த திகதி என்று கேட்ட பெட்டியை வெறுமையாக விட்டு அனுப்பினோம். பாரம் அப்படியே திரும்பி வந்தது. ஆறு மாதம் வீண். இரண்டாம் முறை நான் உன்னிடம், "ஏதாவது ஒரு திகதியைப் போடு" என்றேன். நீ நெடுநேரம் யோசித்தாய். அவர் போன நாளில் இருந்து ஒரு கிழமை கழித்து ஒரு நாளைப் போட்டாய். ஏன் அந்த நாள் என்று கேட்டேன். "அப்பா கனநாள் கஷ்டப்பட்டிருக்கக் கூடாது" என்றாய். நான் அழுதேன். நீ அழவில்லை, மையை ஊதிக் காயவைத்தாய். பாரம் போனது, விசா வந்தது. பிறகு வருடா வருடம் அந்தத் திகதியிலேயே அவருக்குச் சோறு படைத்தோம். நீ இட்ட நாளையே நாங்கள் நம்பத் தொடங்கிவிட்டோம்.

வெறும் பெட்டி ஆபத்து, நிரம்பிய பெட்டி பாதுகாப்பு என்று உன் கையில் பேனாவைத் தந்து சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு உனக்கு வழி இருந்தது. பக்கத்தில் தொலைபேசி இருந்தது. கேத்தியின் நம்பர் கார்டிலேயே இருந்தது. வெறும் பெட்டியைப் பார்த்தால் அவள் எங்களைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டாள், ஓடி வந்திருப்பாள். இதை நீ விளங்கிக்கொள்ளவே இல்லை. அந்தக் கார்டு உன் குடும்பத்துக்கு வைத்த பரீட்சை இல்லையடா. அது ஒரு பிள்ளை தன் தாய்க்குச் சொன்ன செய்தி. அதை நீ ரப்பர் போட்டு அழித்தாய்.

இந்த வருடம் அந்தத் திகதியில் நான் படைக்க மாட்டேன். உன் அப்பா எப்போது போனார் என்று எனக்குத் தெரியாது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்றே சொல்லப் பழகப் போகிறேன். இந்த வயதில் அதைப் பழகலாம் என்றால், நீயும் உன் வயதில் ஒன்றைப் பழகலாம்.

வெளிக்கிட்டு வருகிற அன்று சரோஜா அக்கா என்னை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள், கேத்தி பின்னிக் கொடுத்த மஞ்சள் தொப்பியோடு. நீ யார் மீது பாரம் நிரப்புகிறாயோ, அவள் பின்னிய தொப்பி. மூக்கில் இருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். வளர வளரத்தான் மற்றதெல்லாம் தெரியவரும் என்று சொல்லியிருக்கிறார்கள், அது உனக்கும் தெரியும். ஓட்டைக்குள்ளால் கையை விட்டு அவளின் உள்ளங்காலில் என் விரலை வைத்தேன். உதைத்தாள். ஒன்று என்று சத்தமாக எண்ணினேன். திரும்ப உதைத்தாள். பத்து வரைக்கும் எண்ணினேன், பத்துக்குப் பிறகும் எண்ணினேன். தாதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாவூறாவது மண்ணாவது. இந்த எண்ணிக்கையை நான் முதலிலேயே வதனியோடு சேர்ந்து எண்ணியிருக்க வேண்டும்.

கார்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். சின்னம்மா வைக்காதே, அவன் கிழித்துப்போடுவான் என்றாள். கிழிப்பதென்றால் கிழி. அதற்கு முதல் ஒருமுறை யன்னலடியில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். வதனி பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். நாலும் மூன்றும் இன்னும் தெரிகின்றன. முறைப்பாட்டுப் பாரத்தில் என்ன நடந்தது என்று எழுதுவதற்கு ஒரு பெரிய பெட்டி இருக்கிறதாம், சின்னம்மா சொன்னாள். உண்மையை எழுதக் கை வராவிட்டால் அதை வெறுமையாக விடு. உன் வாழ்க்கையில் ஒரு பெட்டியாவது வெறுமையாகக் கிடக்கட்டும்.

கேத்திக்கு நீ என்ன சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. முதலில் வதனி. அவள் தன்னையே கேட்டுக்கொண்டு இருக்கிறாள், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாமோ என்று. அவள் புதனும் சொன்னாள், வெள்ளியும் சொன்னாள், பென்சிலாலும் சொன்னாள். அதை அவளுக்குச் சொல்ல வேண்டியவன் நீ. நான் சொன்னால் அவளுக்கு இனி உன்மேல் நம்பிக்கை இருக்காது. நீ சொன்னால் கோபம் மட்டும் வரும். ஏசுவாள், அழுவாள், ஒரு மாதம் முகம் பார்க்க மாட்டாள். அதைத் தாங்கு. அது நீ உழைத்த சம்பளம்.

இன்றைக்கே தபாலில் போடுகிறேன், நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும். வெள்ளி இரவு, நீ வேலையால் வந்த பிறகு, ரயிலில் இறங்கி நானே நடந்து வருவேன், கூட்டிக்கொண்டு போக வரத் தேவையில்லை. பிள்ளைப்பெற்றவளுக்குப் போடுகிற மருந்துச் சரக்கைச் சின்னம்மா கடையில் வாங்கி வைத்திருக்கிறாள், அதையும் கொண்டு வருவேன். உள்ளே வந்ததும் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன். வதனியிடம், "இவன் உனக்குச் சொன்னவனோ?" என்று கேட்பேன். ஓம் என்றால் அடுப்படிக்குப் போய்ச் சரக்கு அரைப்பேன். என்னத்தை மாமி என்று அவள் கேட்டால், பையைக் கீழே வைக்க மாட்டேன். அவளை இருத்தி, நீ பார்த்துக்கொண்டு நிற்க, அந்த நாலு பெட்டியையும் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன்.

அம்மா